வானத்தில் ஓடும் மின்சாரம்: பிர்கெலாண்ட் என்ற மனிதர்

நார்வே நாடு 1994-இல் ஒரு புதிய 200 குரோனர் நோட்டை வெளியிட்டது. அதில் இருந்தது அரசர் படமும் இல்லை, பிரதமர் படமும் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்ட, தலை வழுக்கையான ஒரு பேராசிரியர். பக்கத்தில் வடதுருவ வானத்தில் தெரியும் ஒளி. அவர் பெயர் கிறிஸ்டியான் பிர்கெலாண்ட்.

உங்களில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும். நான் மின்பொறியியல் படிக்கிறேன். மேக்ஸ்வெல், ஹெர்ட்ஸ், டெஸ்லா என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது ஒருவர் வந்து போவார். இவர் மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஆனால், பூமிக்கு மேலே பல லட்சம் ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது, அது விண்வெளியிலிருந்து கீழே இறங்கி மறுபடி மேலே போகிறது என்று நூறு வருடத்துக்கு முன்பே சொன்ன மனிதர் இவர்தான். சொன்னது சரி என்று உறுதியானபோது அவர் இறந்து 50 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதலில் அரோரா பற்றிக் கொஞ்சம். நார்வே, ஐஸ்லாந்து, கனடா பக்கம் குளிர்கால இரவில் வானத்தில் பச்சை, சிவப்பு நிறத்தில் திரைச்சீலை மாதிரி ஒரு ஒளி அசையும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நமக்கு யூடியூப்தான் கதி. இந்த ஒளிக்கும் காந்தத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது பழைய செய்தி. 1741-இல் ஸ்வீடனில் செல்சியஸ் (வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த அதே செல்சியஸ்தான்), அவரோடு வேலை செய்த ஹியோர்ட்டர், இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள்: அரோரா ஆடும் இரவில் திசைகாட்டியின் முள்ளும் ஆடுகிறது. முள் ஆடினால் பக்கத்தில் எங்கோ மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். இது இடைநிலைப்பள்ளி அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் வானத்தில் ஏது கம்பி? ஏது பேட்டரி?

சூரியனாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 1892-இல் லார்ட் கெல்வின் ஒரு கணக்குப் போட்டார். ஒரு எட்டு மணி நேரக் காந்தப்புயலைச் சூரியன் உண்டாக்க வேண்டுமானால், அது வழக்கமாக நான்கு மாதம் வெளியிடும் ஒளியும் வெப்பமும் எவ்வளவோ அவ்வளவு ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். நடக்கிற காரியமா? இல்லை, ஆகவே சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டார். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் சூரியன் எல்லாத் திசையிலும் சமமாகக் காந்த அலை அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அந்த ஆரம்பப் புள்ளிதான் கோளாறு. கெல்வினே சொல்லிட்டாருன்னா அந்தக் காலத்தில் யார் எதிர்த்துப் பேசுவார்?

பிர்கெலாண்ட் பேசினார். 1867 டிசம்பர் 13-ஆம் தேதி கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில் பிறந்தவர். கணக்கில் புலி. பாரிஸுக்குப் போய் பொயின்கரேயிடம் படித்தார், பான் நகரில் ஹெர்ட்ஸின் ஆய்வுக்கூடத்துக்கும் போனார். 1895-இல் மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு ஒரு பொதுத் தீர்வு எழுதி வெளியிட்டார். 1898-இல், முப்பது வயதில், பேராசிரியர் ஆகிவிட்டார். அதோடு நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

அவரை உட்காரவிடாதது ஒரு கண்ணாடிக் குழாய். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சினால் கேத்தோடு கதிர் வரும். அதற்கு முன்னால் ஒரு காந்தத்தை வைத்தபோது, கதிர்கள் சிதறாமல் காந்தத்தின் முனையை நோக்கிச் சுருங்கிப் போவதைப் பார்த்தார். பூமியும் ஒரு காந்தம்தானே. சூரியனிலிருந்து இப்படிப்பட்ட கதிர்கள் வந்தால், பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவத்துக்கு இழுத்துப் போகும், அங்கே காற்றில் மோதி ஒளி வரும். இது 1896-இல் அவருக்கு வந்த யோசனை. கெல்வின் சொன்னதுபோல் நாலாப்பக்கமும் ஆற்றலை இறைக்க வேண்டிய தேவையே இதில் இல்லை, பாருங்கள்.

யோசனையைச் சோதிக்க அரோரா இருக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1899-இல் நார்வேயின் வடகோடியில், ஆல்ட்டாவுக்குப் பக்கத்தில் ஹால்டே என்ற மலை உச்சியில், சுமார் 900 மீட்டர் உயரத்தில், கல்லால் ஓர் ஆய்வுநிலையம் கட்டினார்கள். பக்கத்து மலை உச்சியில் இன்னொன்று. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே அரோராவைப் பார்த்தால் அதன் உயரத்தைக் கணக்கிடலாம் என்பது திட்டம். ஆனால் மலைகள் மிகவும் பக்கத்தில் இருந்ததால் அந்த அளவீடு சரியாக வரவில்லை. அரோரா பூமிக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை அவருடைய நண்பர் கார்ல் ஸ்டோர்மர் 1910-இல் புகைப்படம் எடுத்துத்தான் நிறுவினார்.

அந்த மலைப் பயணங்கள் சும்மா வரவில்லை. 1898-இல் கூடப் போன மாணவர் ஹெல்லண்ட்-ஹான்சன் பனிக்கடியில் விரல்களை இழந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், பிறகு கடலியலுக்கு மாறி அதில் பெரிய பெயர் எடுத்தார். அடுத்த குளிர்காலத்தில் எலிசார் பொய்யே என்ற உதவியாளர் பனிச்சரிவில் சிக்கி இறந்தே போனார். பிர்கெலாண்டைப் பற்றி எழுதும் பலர் இதை அவருடைய துணிச்சலின் கணக்கில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உயிரைக் கொடுத்தது அவர் அல்ல, அவரை நம்பிப் போன பையன்.

1902–1903 பயணம்தான் முக்கியமானது. இம்முறை ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் காந்த அளவீடு: நார்வேயின் காஃப்யோர்ட், ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், ரஷ்யாவின் நோவயா செம்லியா. நான்கும் ஆர்க்டிக் பகுதியைச் சுற்றி அமைந்தவை. ஒவ்வோர் இடத்திலும் முள் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்று இரவும் பகலும் பதிவானது. அந்தப் பதிவுகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அரோராவின் போக்கிலேயே கிடைமட்டமாக ஒரு பெரிய மின்னோட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுவது தெரிந்தது.

இப்போது ஒரு கேள்வி. மின்சாரத்துக்குத் தொடக்கம், முடிவு கிடையாது. சுற்று முழுமையாக இருக்க வேண்டும். அந்த மின்னோட்டத்தின் இரண்டு முனைகளும் எங்கே போகின்றன? பிர்கெலாண்டின் பதில்: மேலே. ஒரு முனையில் காந்தப்புலக் கோடுகளின் வழியே விண்வெளியிலிருந்து இறங்குகிறது, அரோரா வழியாக ஓடுகிறது, மறுமுனையில் இன்னொரு கோட்டைப் பிடித்து விண்வெளிக்கே திரும்புகிறது. கம்பி எதற்கு, காந்தப்புலக் கோடுதான் கம்பி. இந்தப் பயணத்தின் அறிக்கை முதல் பகுதி 1908-இலும் இரண்டாவது 1913-இலும் வெளிவந்தது. படங்களும் வரைபடங்களும் நிறைந்த பெரிய புத்தகம்.

நான்கு இடத்தில் நிலையம் போட்டால் காசு எங்கிருந்து வரும்? இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்புகிறது. சுருள்களை வரிசையாக வைத்து மின்காந்தத்தால் இரும்புக் குண்டை இழுத்து வீசும் பீரங்கி ஒன்றை பிர்கெலாண்ட் கண்டுபிடித்து, 1901-இல் காப்புரிமை வாங்கி, கம்பெனியும் தொடங்கினார். வெடிமருந்தும் வேண்டாம், சத்தமும் வராது என்றுதான் விளம்பரம். 1903 மார்ச் 6-ஆம் தேதி பல்கலைக்கழக மண்டபத்தில், பெரிய மனிதர்கள் எல்லோரையும் உட்காரவைத்து விசையைத் தட்டினார். ஷார்ட் சர்க்யூட்! காது கிழியும் சத்தம், கண் கூசும் தீப்பிழம்பு, மண்டபமே கலவரம். யாருக்கும் பெரிய காயமில்லை, ஆனால் பீரங்கி வியாபாரம் அன்றோடு சரி.

அதே வருடம் சாம் ஐடே என்ற பொறியியலாளரும் அவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. பயிருக்கு நைட்ரேட் உரம் சிலி நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது, அது தீர்ந்துபோனால் கோதுமை விளையாது, பட்டினிதான் என்று வில்லியம் குரூக்ஸ் 1898-இல் எச்சரித்திருந்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதைப் பிடிக்க மின்னல் மாதிரிச் சூடு வேண்டும். ஐடேயிடம் நார்வேயின் நீர்வீழ்ச்சிகள் இருந்தன. பிர்கெலாண்டுக்கு மின்பொறியைக் காந்தத்தால் ஆட்டிவைக்கத் தெரியும். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்பொறியை உண்டாக்கி, குறுக்கே வலுவான காந்தப்புலம் கொடுத்தால், பொறி விரிந்து தோசைக்கல் மாதிரி வட்டமான தீத்தட்டு ஆகிறது. அதற்குள் காற்றை ஊதினால் 3000 டிகிரிக்கு மேல் சூட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடும். அதைத் தண்ணீரில் கரைத்து நைட்ரிக் அமிலம், அதோடு சுண்ணாம்புக்கல் சேர்த்து கால்சியம் நைட்ரேட். உரம் தயார். 1905-இல் நோட்டோடனில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது, அந்த வருடக் கடைசியில் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது.

தோட்டத்தில் உரவாளி சுமந்த தாத்தா பாட்டிகள் வழி வந்த நமக்கு உரம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. பிர்கெலாண்ட் முறை மின்சாரத்தை அளவுக்கு மீறிக் குடித்தது. அதனால் பின்னர் ஜெர்மனியின் ஹேபர்-போஷ் முறை அதை ஓரங்கட்டியது. 1920-களின் கடைசியில் நோர்ஸ்க் ஹைட்ரோவே அந்த முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் அந்த உரக்காசில்தான் அரோரா ஆராய்ச்சி நடந்தது. அவருக்கு அதுதானே வேண்டியிருந்தது.

அந்தக் காசில் அவர் கட்டியது ஒரு கண்ணாடிப் பெட்டி. கடைசியாகக் கட்டிய பெரிய பெட்டியின் கொள்ளளவு சுமார் 1000 லிட்டர். உள்ளே காற்று கிடையாது. நடுவில் ஓர் உலோக உருண்டை, அதற்குள் மின்காந்தம். இதற்கு டெரெல்லா என்று பெயர், குட்டி பூமி என்று பொருள். எதிரே கேத்தோடு, அதுதான் சூரியன். மின்சாரத்தைக் கொடுத்தால் குட்டி பூமியின் இரண்டு துருவங்களையும் சுற்றி ஒளி வளையம் தோன்றும். கவனிங்க, துருவத்தின் உச்சியில் இல்லை, துருவத்தைச் சுற்றி. உண்மையான அரோராவும் அப்படித்தான். வடதுருவப் புள்ளிக்கு மேலே அல்ல, அதைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தில்தான் அடிக்கடி தெரியும். விண்வெளிக்கு ராக்கெட் போவதற்குப் பல வருடத்துக்கு முன்னால் விண்வெளியை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

எல்லாமே சரியாகச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியில் கண்டதை வைத்து சனிக்கோளின் வளையம், சூரியப் புள்ளிகள் எல்லாவற்றையும் விளக்கப் பார்த்தார், பலதும் நிற்கவில்லை. சூரியனிலிருந்து வருவது எலெக்ட்ரான் மட்டுமே என்று முதலில் நம்பியதும் பலவீனமான இடம். ஒரே வகை மின்னூட்டம் என்றால் வழியிலேயே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறிவிடுமே என்று 1911-இல் ஆர்தர் ஷூஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. பிர்கெலாண்ட் அதை யோசித்து, 1916-இல் நேர், எதிர் இரண்டு வகையும் சேர்ந்தே வருகின்றன என்று எழுதினார். இன்று நாம் சூரியக் காற்று என்று சொல்வது ஏறக்குறைய அதுதான்.

அவருடைய சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவரே அதற்கு நேரம் கொடுக்கவில்லை. 1905-இல் திருமணம், 1911-இல் மணமுறிவு, குழந்தைகள் இல்லை. ஐடேயோடும் நாளாவட்டத்தில் உறவு கசந்தது. நோபல் பரிசுக்கு ஏழு முறை பெயர் போனது, ஒரு முறையும் கிடைக்கவில்லை. பிறகு எகிப்துக்குப் போய் கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானில் தங்கி, சூரியன் மறைந்த பின் அடிவானத்தில் தெரியும் மங்கலான ஒளியை ஆராய்ந்தார். முதல் உலகப்போர் மூண்டது. தூக்கம் வராத வியாதி, அதற்கு வெரோனல் என்ற மாத்திரை, கூடவே விஸ்கி. தன்னை யாரோ உளவு பார்க்கிறார்கள் என்ற பயம் வேறு பிடித்துக்கொண்டது. 1917-இல் போர் காரணமாக ஐரோப்பா வழியாகப் போக முடியாமல், கிழக்கே சுற்றி ஊர் திரும்பக் கிளம்பியவர் தோக்கியோவில் தங்கினார். ஜூன் 15-ஆம் தேதி ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 49. மாத்திரை அளவு மீறியிருந்தது. தவறுதலாகவா, தெரிந்தேவா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

அவர் போன பிறகு அவருடைய மின்னோட்டமும் போனது. இங்கிலாந்தின் சிட்னி சாப்மன், அடுத்த ஐம்பது வருடம் இந்தத் துறையில் மிகவும் மதிக்கப்பட்டவர், வேறு மாதிரி சொன்னார்: மேலிருந்து எதுவும் இறங்கத் தேவையில்லை, எல்லா மின்னோட்டமும் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு படலத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. கணக்கு அழகாக இருந்தது. தரையில் எடுத்த அளவீடுகளோடு கச்சிதமாகப் பொருந்தியது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையின் முடிச்சும் இங்கேதான். டொராய்டு என்று வளைய வடிவச் சுருள் ஒன்று லேபில் இருக்கும். அதில் எவ்வளவு மின்சாரம் விட்டாலும் காந்தப்புலம் உள்ளேயே அடைந்துகொள்ளும், வெளியே கருவி வைத்தால் ஏறக்குறைய சுழிதான். வானத்திலும் அதே கதை. மேலிருந்து இறங்கும் மின்னோட்டமும், அது வந்து படலத்தில் பரவும் பகுதியும் தரையில் ஒன்றையொன்று பெரும்பாலும் ரத்து செய்துவிடுகின்றன. ஆகவே பிர்கெலாண்ட் சொன்னது சரியாக இருந்தாலும், சாப்மன் சொன்னது சரியாக இருந்தாலும், தரையில் இருக்கும் முள் ஒரே மாதிரிதான் ஆடும். ஆயிரம் நிலையம் வைத்தாலும் தீராது. பொய்யே உயிர்விட்ட அந்த மலையிலிருந்து, அதைவிட உயரமான எந்த மலையிலிருந்தும், இதை நிரூபிக்க வழியே இல்லை. மின்னோட்டத்துக்கு உள்ளேயே போய் அளக்க வேண்டும்.

இடையில் அவருக்காக வாதாடியவர் ஸ்வீடனின் ஹானஸ் ஆல்வேன். 1939-இல் காந்தப்புயல் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பெரிய இதழ் ஏற்கவில்லை, ஸ்வீடன் அறிவியல் கழக வெளியீட்டில்தான் வந்தது. பின்னாளில், 1970-இல், அவர் பிளாஸ்மா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கினார்.

உள்ளே போய் அளந்தது யார் தெரியுமா? அரோராவுக்கென்று அனுப்பிய துணைக்கோளே இல்லை. 1963-இல் அமெரிக்கக் கடற்படை சுமார் 1100 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பிய 1963-38சி என்ற துணைக்கோள். தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள மட்டும் அதில் ஒரு காந்தமானி வைத்திருந்தார்கள். அரோரா வளையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காந்தமானி கிழக்கு-மேற்காக உதறியது. ஆல்ஃப்ரெட் ஸ்முடாவும் சகாக்களும் 1966-இல் இதை வெளியிட்டபோது ஏதோ ஒரு வகை அலை என்றுதான் நினைத்தார்கள். அடுத்த வருடமே கம்மிங்ஸ், டெஸ்லர் என்ற இருவர், இது அலை இல்லை, காந்தப்புலக் கோடு வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கடக்கும்போது இப்படித்தான் தெரியும், பிர்கெலாண்ட் சொன்னதே இதுதான் என்று எடுத்துக்காட்டினார்கள். 1972-இல் போன ட்ரையட் என்ற துணைக்கோள் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. அதன் அளவீடுகளைக் கொண்டு 1976-இல் ஈஜிமா, பொட்டெம்ரா இருவரும் முழு வரைபடமே போட்டார்கள்: துருவத்தைச் சுற்றி இரண்டு வளையம், வெளி வளையத்தில் இறங்கும் பக்கம் உள் வளையத்தில் ஏறும். மொத்தம் பத்து லட்சம் ஆம்பியருக்கும் மேல். இன்று இதற்குப் பெயர் பிர்கெலாண்ட் மின்னோட்டம்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எலெக்ட்ரான்களுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? காந்தப்புலக் கோட்டின் போக்கில் பிளாஸ்மா நல்ல மின்கடத்தி, அங்கே மின்புலம் நிற்காது, உடனே சமமாகிவிடும் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். நிற்கும் என்று ஆல்வேன் 1958-இலேயே சொல்லியிருந்தார். 1976-இல் போன எஸ்3-3 துணைக்கோள் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் அந்த மின்புலத்தைக் கண்டது. மேலே பாயும் அயனிகள், கீழே பாயும் எலெக்ட்ரான்கள், நடுவில் சில ஆயிரம் வோல்ட். கண்ணாடிப் பெட்டியில் பிர்கெலாண்ட் கையால் கொடுத்த மின்னழுத்தத்தை இயற்கை அந்த உயரத்தில் தானாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஸ்வீடனின் வைக்கிங் 1986-இல், நாசாவின் ஃபாஸ்ட் 1996-இல் போய் இதையே இன்னும் நுணுக்கமாக அளந்தன.

இதெல்லாம் அழகான ஒளிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1989 மார்ச் 13-ஆம் தேதி ஒரு காந்தப்புயலில் வானத்து மின்னோட்டம் வேகமாக மாறியது. அதன் தூண்டலில் கீழே கனடாவின் கியூபெக் மாநில மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் புகுந்தது. ஒன்றரை நிமிடத்தில் முழு வலையமைப்பும் சாய்ந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை.

2013-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஸ்வார்ம் என்று மூன்று துணைக்கோள்களை அனுப்பியது. அவற்றில் இரண்டு, ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் பறக்கின்றன. இரண்டு அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, தங்களுக்கு நடுவே எவ்வளவு மின்சாரம் இறங்குகிறது, ஏறுகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஹால்டேயிலும் பக்கத்து உச்சியிலும் பிர்கெலாண்ட் செய்து பார்த்ததும் இந்த இரண்டு இட அளவீடுதான். அவருடைய நிலையங்கள் இருந்தது 900 மீட்டர் உயரத்தில், இவை பறப்பது 450 கிலோமீட்டர் வாக்கில்.